உதவித்தொகையுடன் கணினி அறிவியல் முனைவர் ஆய்வு: இடம் தேடும் முறை

கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புபவர் பெரும்பாலும் முதலில் உதவித்தொகை அறிவிப்புகளைத் தேடுகிறார், அடுத்து ஊருக்கு அருகில் இடம் கொடுக்கும் கல்லூரியைத் தேடுகிறார், நெறியாளர் எப்படிப்பட்டவர் என்பதையோ சேர்ந்த பிறகுதான் விசாரிக்கிறார். ஆய்வும் பணமும் சேர்ந்து கிடைக்க வேண்டுமானால் இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். ஆராயத் தகுந்த சிக்கல் எது, அதில் இப்போது உழைத்துக்கொண்டிருப்பவர்கள் யார், அவர்களிடம் எந்த வழியாகப் பணம் வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டவருக்கு, உதவித்தொகை தேடுவது ஒரு தனி வேலையாக நிற்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், ஆவடி வட்டாரங்களில் படித்து முடித்தவர்களையும், அங்குள்ள ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க எண்ணுபவர்களையும் கருதி இந்த அத்தியாயம் அமைக்கப்பட்டுள்ளது.

முதலில் ஒரு நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணினி அறிவியலில் முழுநேர முனைவர் ஆய்வை உதவித்தொகை இல்லாமல் ஏற்பது சரியல்ல. நான்கைந்து ஆண்டு உழைப்புக்குக் குடும்பம் செலவழிக்கிறது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. உதவித்தொகை உள்ள இடத்தில்தான் தேர்வு, நேர்காணல், ஆண்டுதோறும் மதிப்பீடு என்று யாரோ ஒருவர் அந்த ஆய்வை எடைபோட்டுப் பார்க்கிறார். பணம் கட்டினால் போதும், இடம் உண்டு என்று சொல்லும் நிறுவனத்தில் அந்த எடைபோடுதலும் பெரும்பாலும் நடப்பதில்லை. வேலையில் இருப்பவர் பகுதிநேரமாகச் சேர்வது வேறு வகை. அங்கே மாதச் சம்பளமே ஆய்வுக்கான ஆதாரம் என்பதால் அதைத் தனியாகப் பார்ப்போம்.

பணம் வரும் மூன்று வழிகள்

இந்தியாவில் ஆய்வாளரின் கைக்கு மாதந்தோறும் வரும் பணம் மூன்று வழிகளில் ஒன்றில் வருகிறது. ஆய்வாளரே தேசியத் தேர்வு எழுதி வென்று, தான் சேரும் இடத்துக்குத் தன்னுடன் கொண்டுபோகும் உதவித்தொகை முதல் வழி. கல்வி நிறுவனம் தன் நிதியிலிருந்து கொடுத்து, அதற்கு ஈடாக ஆய்வகம் நடத்துதல், விடைத்தாள் திருத்துதல் போன்ற கற்பித்தல் உதவியைக் கேட்பது இரண்டாம் வழி. பேராசிரியர் ஒருவர் அரசுத் துறையிடமோ தொழில் நிறுவனத்திடமோ பெற்ற ஆய்வுத் திட்டத்தின் நிதியிலிருந்து அவர் நியமிக்கும் ஆய்வாளருக்குக் கொடுப்பது மூன்றாம் வழி. பலரும் முதல் வழியை மட்டுமே அறிந்திருப்பதால், தேர்வில் ஒன்றிரண்டு முறை தவறியதும் ஆய்வு ஆசையையே விட்டுவிடுகிறார்கள். மற்ற இரண்டு வழிகளும் அதே அளவு திறந்தே இருக்கின்றன.

முதல் வழியில் பெரியது, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட் தேர்வு மூலம் கிடைக்கும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை, இதை ஜே.ஆர்.எஃப். என்றே எல்லோரும் சொல்கிறார்கள். கணினி அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, இயற்பியல், வேதியியல், கணிதம் முதலியவற்றுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் கணினி அறிவியல் தனிப்பாடமாக இல்லை; ‘கணினி அறிவியலும் பயன்பாடுகளும்’ என்ற பாடம் யு.ஜி.சி. நெட் தேர்வில்தான் வருகிறது. எம்.எஸ்சி., எம்.சி.ஏ., எம்.இ. முடித்தவர்கள் 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் இதை எழுதலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு போதும். ஆண்டுக்கு இரு முறை, ஜூன், டிசம்பர் பருவங்களுக்கு இத்தேர்வு நடத்தப்படுகிறது. ஜே.ஆர்.எஃப். பெறுவதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. 2023 ஜனவரி முதல் இத்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், மதிப்பீட்டுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயரும்போது 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டுள்ளது. விடுதியில் தங்காதவருக்கு மத்திய அரசு விதிப்படி வீட்டு வாடகைப் படி தனியாகச் சேரும். 2024 ஜூன் முதல் நெட் முடிவுகள் மூன்று பிரிவாக வெளியிடப்படுகின்றன: உதவித்தொகையும் உதவிப் பேராசிரியர் தகுதியும் பெற்றவர், உதவித்தொகையின்றி அத்தகுதியும் முனைவர் சேர்க்கைத் தகுதியும் பெற்றவர், முனைவர் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர். இரண்டாம், மூன்றாம் பிரிவில் வந்தவருக்கு இத்தேர்வு பணம் தராது. ஆனால் நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக இந்த மதிப்பெண்ணைக் காட்டிச் சேர முடியும் என்பதால், ‘தேறவில்லை’ என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. சேர்ந்த பிறகு பணத்துக்கு இரண்டாம், மூன்றாம் வழிகள் இருக்கின்றன.

பொறியியல் பட்டதாரிகளுக்கு நெட் தேர்வைவிடக் கேட் தேர்வே நெருக்கமானது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மாறி மாறிப் பொறுப்பேற்று பிப்ரவரியில் நடத்தும் இத்தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். 2024 முதல் கணினி அறிவியலுடன், தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் என்ற தனித்தாளும் சேர்க்கப்பட்டுள்ளதால், புள்ளியியலிலோ கணிதத்திலோ வலுவுள்ளவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. கேட் மதிப்பெண் நேரடியாகப் பணமாவதில்லை. அதைக் காட்டி நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்று தேர்வானால், சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் அரைநேரக் கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் என்ற பெயரில் மேற்சொன்ன அதே அளவுத் தொகை நிறுவனத்திலிருந்தே வருகிறது. அரைநேரம் என்ற சொல் கண்டு தயங்க வேண்டியதில்லை. ஆய்வு முழுநேரமே, வாரத்தில் சில மணி நேரம் துறைக்குச் செய்யும் பணிக்குத்தான் அந்தப் பெயர். அங்கே முனைவர் பட்டத்துடன், ஆய்வு வழி எம்.எஸ். என்ற பட்டமும் உண்டு. இளநிலைப் பட்டம் மட்டும் முடித்தவர், ஆய்வு தனக்கு ஒத்துவருமா என்ற ஐயத்தில் இருந்தால், அதே துறையில் அதே நெறியாளர்களிடம் உதவித்தொகையுடன் எம்.எஸ். சேர்ந்து, பிறகு முனைவர் படிப்புக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை.

இத்தகைய நிறுவனங்களில் பிரதமரின் ஆய்வு உதவித்திட்டமும் நடைமுறையில் இருந்துவருகிறது. 2018ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் 80,000 என்று மாதத் தொகையும், ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆய்வுச் செலவுத் தொகையும் வகுக்கப்பட்டன. 2025 நிதிநிலை அறிக்கை, அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஐ.ஐ.டி.க்களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் இத்திட்டத்தின் கீழ் 10,000 உதவித்தொகைகள் வழங்கப்படும் என்றது. சாதாரண உதவித்தொகையுடன் சேர்ந்து நன்றாக ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களும் பின்னர் இதற்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே இதற்காகக் காத்திருந்து ஓராண்டை இழப்பதைவிடச் சேர்ந்துவிட்டு முயல்வதே அறிவுடைமை.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2014இல் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா முனைவர் திட்டம் கணினி, மின்னணுத் துறைகளுக்கென்றே உருவானது. அதன் இரண்டாம் கட்டத்தில் 1,000 முழுநேர ஆய்வாளர்களுக்கும் 150 பகுதிநேர ஆய்வாளர்களுக்கும் இடம் வகுக்கப்பட்டது. இதற்குத் தனிநபர் நேரடியாக விண்ணப்பிப்பதில்லை. அமைச்சகம் கல்வி நிறுவனங்களுக்கு இடங்களைப் பகிர்ந்தளிக்கிறது, நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது. எனவே விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் ஆய்வுப் புலத் தலைவர் அலுவலகத்திடம், இத்திட்டத்தில் இடம் உள்ளதா என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் முனைவர் உதவித்தொகையும், அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா நூற்றாண்டு ஆய்வு உதவித்தொகையும் இதேபோல் நிறுவனம் வழியாக வருபவை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைகள், வீட்டில் ஒரே பெண் குழந்தையாக உள்ளவர்களுக்கான சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகை, ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறை முழுநேர ஆய்வாளர்களுக்கு வழங்கும் ஊக்கத்தொகை ஆகியவற்றையும் தகுதியுள்ளவர் விடாமல் பார்க்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்றவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது சிறிய வேலைதான். கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்தை நம்பி விண்ணப்பத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

கைக்கு எட்டும் தொலைவில்

வடசென்னைப் புறநகரில் இருப்பவர் ஆய்வு என்றாலே கிண்டியையும் பெங்களூருவையும் நினைப்பது இயல்பு. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே தடாவைத் தாண்டினால், ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீ சிட்டி தொழில் நகரத்தில் 2013இல் தொடங்கப்பட்ட இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நாடாளுமன்றச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாகிய அதில் கணினி அறிவியலில் முனைவர் ஆய்வுக்கு இடம் உண்டு. மாநில எல்லை ஒரு தடையன்று. ஆவடியில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் போர் ஊர்தி ஆய்வகம் இருக்கிறது. அர்ஜுன் பீரங்கி வண்டியையும் முந்த்ரா என்னும் ஆளில்லா ஊர்தியையும் உருவாக்கிய அந்த ஆய்வகம் அவ்வப்போது இளநிலை ஆய்வாளர்களை நேர்காணல் வழியாக எடுக்கிறது. இந்த அறிவிப்புகள் பெரும்பாலும் ‘எம்ப்ளாய்மென்ட் நியூஸ்’ வார இதழிலும் நிறுவனத்தின் தளத்திலும் மட்டுமே வருகின்றன. வயது வரம்பும் யு.ஜி.சி. வரம்பைவிடக் குறைவு என்பதால் பட்டம் முடித்த உடனேயே பார்ப்பது நல்லது. கவரைப்பேட்டை, ஆவடி பகுதிகளிலுள்ள தனியார் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆய்வு மையங்களை நடத்துகின்றன. அங்கே சேர எண்ணுபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மாதத் தொகை எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்பது எழுத்தில் கிடைக்குமா?

தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகமும் தமிழ்நாட்டு மாணவர்கள் மிகக் குறைவாக விண்ணப்பிக்கும் இரு சிறந்த இடங்கள். 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் நிறுவிய முதலாவது, அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. அங்கே கோட்பாட்டுக் கணினி அறிவியலில், அதாவது வழிமுறைகளின் வேகம், கணக்கீட்டின் எல்லை, தருக்கம் ஆகியவற்றை நிறுவல்கள் மூலம் ஆராயும் பிரிவில், உலக அளவில் அறியப்பட்ட குழு இருக்கிறது. ஜெஸ்ட் என்னும் நுழைவுத் தேர்வு அதற்கு ஒரு வாயில். சென்னைக் கணிதக் கழகம் தானே தேர்வு நடத்துகிறது. இரண்டிலும் பட்டத்தின் பெயரைவிட, தாளும் பேனாவும் கொடுத்தால் ஒரு நிறுவலை எழுத முடிகிறதா என்பதே பார்க்கப்படுகிறது. மதிப்பெண் குறைந்த, ஆனால் கணிதத்தில் உண்மையான ஈடுபாடுள்ள எம்.எஸ்சி., எம்.சி.ஏ. மாணவருக்கு இதைவிட நியாயமான களம் கிடைப்பது கடினம். இங்கே நடக்கும் ஆய்வுக் கருத்தரங்குகள் பலவும் முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் புறப்பட்டு ஒரு பிற்பகலை அங்கே செலவிட்டு, முதல் பத்து நிமிடம் மட்டுமே புரிந்தாலும், ஆய்வாளர்கள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பதைக் கண்டு வருவது விளம்பரங்களைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

ஆலைத் தளத்திலிருந்து ஆய்வுச் சிக்கல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் ஒருவரிடம், சென்னை நகரத்துக் கணினி மாணவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: தீர்க்கப்படாத உண்மையான சிக்கல்கள். ஓர் உருட்டு ஆலையை எடுத்துக்கொள்ளலாம். உலையிலிருந்து வரும் பில்லட்டுகள் என்னும் எஃகுக் கட்டிகள் சிவக்கச் சூடேறி ரோலிங் ஸ்டாண்டுகளுக்குள் நுழைந்து கம்பியாக நீள்கின்றன. மேற்பரப்பில் விரிசல் இருந்தால் அதை ஷிப்ட் மேற்பார்வையாளர் கண்ணால் பார்த்து ஒதுக்குகிறார். கேமரா வைத்து இதைக் கணினியே கண்டறியச் செய்யலாமே என்பது யாருக்கும் தோன்றும் எண்ணம். அது ஒரு நல்ல பணித்திட்டம், ஆனால் அதுவே முனைவர் ஆய்வு ஆகிவிடாது. உண்மையான கேள்வி அடுத்த படியில் பிறக்கிறது. ஆயிரக்கணக்கான நல்ல பில்லட்டுகளுக்கு நடுவே ஒன்றிரண்டில்தான் விரிசல் இருக்கும் என்பதால், கற்றுக்கொள்ளத் தேவையான குறைப் படங்கள் கணினிக்கு மிகக் குறைவாகவே கிடைக்கும். எல்லாவற்றையும் ‘நல்லது’ என்று சொல்லும் நிரலே மிக அதிகத் துல்லியம் காட்டிவிடும். வெப்பத்தின் ஒளியும் மேலே படிந்த செதிலும் படத்தை மாற்றுகின்றன. இரும்பின் கலவை மாறினால் நேற்றுக் கற்றது இன்று செல்லாமல் போகிறது. மிகச் சில எடுத்துக்காட்டுகளிலிருந்து அரிதான குறையைக் கற்பது எப்படி, சூழல் மாறியதைக் கணினி தானே உணர்ந்து ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்வது எப்படி என்று கேட்கும்போது, உள்ளூர் ஆலையின் தொல்லை உலகெங்கும் ஆராயப்படும் பொதுக் கேள்வியாகிவிடுகிறது. அந்தக் கேள்வியைத்தான் நெறியாளர் தேடுகிறார்.

வல்லூரில் தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நடத்தும், 500 மெகாவாட் அலகுகள் மூன்று கொண்ட அனல்மின் நிலையத்தைப் போன்ற இடங்களிலும் இதே தன்மையுள்ள சிக்கல்கள் உண்டு. கொதிகலன் குழாய் கசிவதற்கு முன் உணர்விகளின் அளவீடுகளில் ஏதேனும் அறிகுறி தெரிகிறதா என்பது காலவரிசைத் தரவு ஆய்வில் வரும் கேள்வி. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: ஆலையின் தரவு ஆலைக்கே சொந்தம். அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு படத்தைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆய்வுக் கட்டுரையில் எதை வெளியிடலாம் என்பதை நிர்வாகமும் நெறியாளரும் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால், அதே வகைச் சிக்கலுக்குப் பொதுவில் வெளியிடப்பட்டுள்ள தரவுத் தொகுப்புகளைக் கொண்டு தொடங்க முடியும்.

வேலையை விடாமல் ஆய்வு செய்ய விரும்புபவருக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள் பகுதிநேர ஆய்வுக்கு இடமளிக்கின்றன. நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், அதில் ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப்படும் என்ற உறுதி இருக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்பது கால எல்லை. மறுபதிவுக்கும், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் காலத்துக்கும் விதியில் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில், ஆய்வு வசதியுள்ள நிறுவனத்தில் பணிபுரிபவர் தன் பணியிடத்திலிருந்தே ஆய்வு செய்யும் வெளிப்பதிவு முறையும் இருக்கிறது. ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர் இதில் இறங்குமுன், பாடத்திட்ட வகுப்புகளுக்கு முதல் ஆண்டில் நேரில் போக வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த ஓராண்டுக்கு ஒரே ஷிப்ட்டில் இருக்க மேலாளர் சம்மதிக்கிறாரா என்பது, எந்த விதியையும்விட முக்கியமான கேள்வியாகிவிடுகிறது.

நெறியாளரைக் கண்டடைதல்

நெறியாளரைத் தேட மிகச் சிறந்த கருவி அவர் எழுதிய கட்டுரைகளே. கணினி அறிவியலில் இதழ்களைவிட மாநாட்டுக் கட்டுரைகளுக்கு மதிப்பு அதிகம் என்பது பிற துறையினருக்கு வியப்பாக இருக்கும். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய டி.பி.எல்.பி. என்னும் இலவச நூலடைவில் ஒருவர் பெயரைத் தட்டினால் அவர் கட்டுரைகள் ஆண்டு வாரியாக வரும். அதில் மூன்று செய்திகளைப் பார்க்கலாம். அண்மை இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுதியிருக்கிறாரா, கட்டுரைகளில் முதல் பெயராக அவருடைய மாணவர்கள் வருகிறார்களா, அந்த மாணவர்கள் பட்டம் பெற்று இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பவையே அவை. மாணவர் பெயரே முன்னால் வராத இடத்தில் மாணவர் வளர்வதில்லை. 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு ஆய்வாளர்களையே ஏற்கலாம் என்பதால், இடம் காலியாக உள்ளதா என்று கேட்பதில் தவறில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்த உதவிப் பேராசிரியரைத் தவிர்க்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. தொடக்க நிதியும் நேரமும் ஆர்வமும் உள்ள அவரே பல சமயம் முதல் மாணவருக்கு மிக அதிகம் கற்றுத் தருபவர்.

பணம் புதிதாக எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2018 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இணையவெளி-இயற்பியல் அமைப்புகள் திட்டத்தின் கீழ் 25 தொழில்நுட்ப மையங்கள் அமைக்கப்பட்டன, சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள பிரவர்த்தக் அவற்றில் ஒன்று, உணர்விகளும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் அதன் களம் என்பதால் ஆலைப் பணி அனுபவம் உள்ளவருக்கு அது நெருக்கமான இடம். அதே வளாகத்தில் இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவை ஆராயும் ஏ.ஐ.4 பாரத் குழுவுக்கு 2022இல் நந்தன், ரோகிணி நிலேகனி தம்பதியர் 36 கோடி ரூபாய் கொடுத்தார்கள். பிழையற்ற தமிழும் நிரலெழுதும் திறனும் சேர்ந்திருப்பவருக்கு மொழித் தொழில்நுட்பத்தில் இப்போதுள்ள வாய்ப்பு முன்பு எப்போதும் இருந்ததில்லை. இத்தகைய திட்டங்கள் முதலில் திட்ட உதவியாளர் என்ற பெயரில் ஓராண்டுப் பணிக்கு ஆள் எடுக்கின்றன. முனைவர் சேர்க்கை கிடைக்காதவர் அந்தப் பணியில் சேர்ந்து, ஒரு கட்டுரை எழுதி, அதே குழுவில் ஆய்வாளராவது நன்கு பழகிய பாதை.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘தங்கள் மதிப்புமிக்க ஆய்வில் மிகுந்த ஈடுபாடு கொண்டுள்ளேன்’ என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புபவருக்குப் பதில் வருவதில்லை. பதில் வரும் கடிதம் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் முடிகிறது. அனுப்புபவர் யார், என்ன படித்தார், எங்கே பணிபுரிகிறார் என்பது ஒரு வரி; பேராசிரியரின் குறிப்பிட்ட கட்டுரை ஒன்றின் பெயரும், அதில் எந்தச் சோதனையை முயன்று பார்த்தார், என்ன விடை வந்தது, எங்கே இடித்தது என்பதும் மூன்று நான்கு வரி; தன்னிடம் உள்ள சிக்கல் அதனுடன் எப்படித் தொடர்புடையது என்பது இரண்டு வரி; கேட் அல்லது நெட் தகுதி, எந்தப் பருவத்தில் சேர எண்ணம், உதவித்தொகைக்கு இடமுண்டா என்ற நேரான கேள்வி கடைசியில். நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால் அதன் இணைப்பு, ஒரு பக்கத் தன்விவரம். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும், அலங்காரம் வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். இப்படி ஒரு கடிதம் எழுத ஒரு வார உழைப்பு வேண்டும் என்பதால், ஆண்டுக்கு எட்டுப் பத்துப் பேருக்கு மேல் எழுத முடியாது, அதுவே போதுமானது.

வெளிநாட்டு வாய்ப்புகள்

வெளிநாடு என்றதும் வங்கிக் கடன் நினைவுக்கு வருவது முதுநிலைப் படிப்புக்குப் பொருந்தும். முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அமெரிக்காவில் கணினி அறிவியல் முனைவர் மாணவருக்குக் கல்விக் கட்டணம் விலக்கப்பட்டு, கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவியாளராக மாதத் தொகை வழங்கப்படுவதே வழக்கம். நான்காண்டு இளநிலைப் பட்டத்துடனே நேரடியாகச் சேரலாம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் முடிகின்றன. விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால் விலக்குக் கேட்டு முன்கூட்டியே எழுதலாம். பல துறைகள் தருகின்றன. ஜெர்மனியில் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் பணியாளராகவே நியமிக்கப்படுகிறார், முதுநிலைப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. சார்ப்ரூக்கனில் கணினியியலுக்கென்றே மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளில், சேரும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது என்ற விதி உண்டு. உள்நாட்டவருக்குத் தடையாகும் இவ்விதி இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவருக்குச் சாதகமானது. அந்த இடங்கள் யூராக்செஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தளத்தில் ஆண்டு முழுவதும் வருகின்றன.

இளநிலையில் கணினி படிக்கவில்லையே என்று வேதிப் பொறியியல், இயந்திரப் பொறியியல் படித்த ஆலைப் பொறியாளர்கள் தயங்குவதுண்டு. தரவுத்தள மீட்பு முறையில் இன்றும் அடிப்படையாக விளங்கும் ஏரீஸ் வழிமுறையை உருவாக்கிய சி.மோகன், 1977இல் சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பட்டம் பெற்று, 1981இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கணினி அறிவியலில் முனைவர் ஆனவர். துறை மாறுபவர் தரவுக் கட்டமைப்பு, வழிமுறைகள், இயங்குதளம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றை முறையாகக் கற்றிருப்பதைச் சான்றுடன் காட்ட வேண்டும். கேட் கணினித் தாள் அதற்கு நல்ல சான்று.

கையெழுத்திடும் முன்

பணம் வாங்கிக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதித் தருகிறோம், இதழில் வெளியிட்டுத் தருகிறோம், ஆய்வேடே முடித்துத் தருகிறோம் என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவர்களை நாடுபவர் பட்டம் பெற்ற பிறகும் அது பறிக்கப்படக்கூடிய நிலையிலேயே வாழ வேண்டியிருக்கும். ஆய்வேடு அளிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கிவிட்டன. நிறுவனம் தன் அளவில் விதித்திருக்கலாம் என்பதால் அதைக் கேட்டறிய வேண்டும். சேர்க்கைக்கு நன்கொடை கேட்கும் இடத்தையும், ஆய்வாளரை ஊதியமின்றி வாரம் முழுவதும் வகுப்பெடுக்கச் சொல்லும் இடத்தையும் தவிர்ப்பதே நல்லது.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் கொண்டாடுவதற்கு முன் நிதானமாகப் படிக்க வேண்டும். தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, வீட்டு வாடகைப் படி சேருமா, கல்விக் கட்டணம் அந்தத் தொகையிலிருந்து பிடிக்கப்படுமா, நெறியாளரின் திட்டம் இடையில் முடிந்தால் தொகையை யார் தொடர்வது, நெறியாளர் வேறு நிறுவனத்துக்குப் போனால் ஆய்வாளர் நிலை என்ன ஆகும் என்ற ஒவ்வொன்றுக்கும் விடை அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவற்றை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வைக்க வேண்டும். அதே ஆய்வகத்தில் இருக்கும் மூத்த மாணவர் இருவரிடம் தனியாகப் பேசினால், கடிதத்தில் இல்லாதது தெரியவரும். முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆவது பரவலாக நிகழ்வது. வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, சேர்க்கை அறிக்கை, நெறியாளர் கையெழுத்திட்ட மாதாந்திரச் சான்று ஆகியவற்றில் ஒன்று தாமதமானாலும் தொகை நிற்கும். ஆலை வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆய்வுக்குப் போகிறவர் குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவுக்கான சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பணி விடுவிப்புச் சான்றையும் அனுபவச் சான்றையும் வாங்கிய பிறகே பதிவுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும்.